விறாந்தை வைத்த பனிவீடும் மடுவில் கட்டின கொட்டிலும்

அந்தாட்டிக்காவில் ஒரு வீடு இருக்கிறது. மரப்பலகையால் கட்டிய சதுர வீடு. நாலு பக்கமும் சரியும் கூரை. மூன்று பக்கமும் விறாந்தை.

விறாந்தை எதுக்கு எண்டு எங்களுக்குச் சொல்லித்தரத் தேவையில்லை. மத்தியான வெயில் சுவரில் நேராக விழாமல் தடுக்கும். பின்னேரம் காத்து வரும். ஒரு பாயை விரித்தால் வயசான ஆக்கள் சரிந்து படுப்பினம், பிள்ளையள் விளையாடுங்கள், கதைக்க வந்த அயலட்டைச் சனமும் அதிலேயே இருக்கும். ஆனால் மைனஸ் 40 பாகைக்கு இறங்குகிற இடத்தில், மாதக்கணக்கில் சூரியனே எழும்பாத இடத்தில், விறாந்தையில் ஆர் குந்தி இருக்கிறது?

ஒருத்தரும் இருக்கவில்லை. 1902 தொடக்கத்தில் றொபேட் ஸ்கொட் தலைமையிலான பிரித்தானியக் குழு ‘டிஸ்கவரி’ எண்ட கப்பலில் போய், றொஸ் தீவில் அந்த வீட்டை நிமிர்த்தியது. வீடு அவுஸ்திரேலியாவில் வாங்கப்பட்டது. அந்த நாட்டின் உட்பகுதியில், வெயில் கொளுத்துகிற இடங்களில் கட்டுகிற வீட்டின் அமைப்பு. துண்டு துண்டாகக் கப்பலில் ஏற்றிக்கொண்டு போய்ப் பூட்டினார்கள். பூட்டின பிறகுதான் தெரிந்தது, அதைச் சூடாக வைத்திருக்க ஏலாது எண்டு. கடைசியில் பக்கத்தில் பனியில் உறைந்து நின்ற கப்பலுக்குள்ளேயே எல்லாரும் படுத்தார்கள். வீடு சாமான் வைக்கவும், திருத்த வேலை செய்யவும், பொழுது போக நாடகம் போடவும் உதவியது. இண்டைக்கும் அது விறாந்தையோடு அங்க நிற்குது.

இதை முதல் வாசித்தபோது எனக்குச் சிரிப்பு வந்தது. கொஞ்ச நேரத்தில் சிரிப்பு நிண்டுபோச்சு. வெயிலுக்கு யோசித்த வீட்டைப் பனிக்குள் கொண்டுபோய் வைத்த கதை இது. இதையே தலைகீழாகப் பிடித்தால் எங்கட பக்கத்துக் கதை.

நான் மடுப் பக்கத்து ஆள். எங்கட சனம் கிடுகு, தறப்பாள், கூடாரம், தகரம் எல்லாத்துக்குக் கீழேயும் படுத்துப் பார்த்த சனம். கடுங்குளிரில் மனிசர் தங்குவதற்கு எப்படி எப்படி வீடு கட்டினார்கள் எண்ட வரலாற்றைத்தான் இதில் சொல்லப்போகிறேன். ஆனால் சொல்வது மடுவில் இருந்துகொண்டு. ஏன் எண்டு போகப்போகத் தெரியும்.

வடக்கில் ஒரு குழி

கதையின் நடு ஆள் ஃபிரிட்யொவ் நான்சன். நோர்வேக்காரர், 1861இல் பிறந்தவர். 1888இல் சறுக்குக்கட்டையில் கிறீன்லாந்தின் பனிப்பரப்பைக் குறுக்காகக் கடந்து பெயர் எடுத்தார். திரும்பிவரக் கப்பல் தப்பிப்போனதால் அந்த மாரி முழுக்க அங்கேயே தங்கவேண்டி வந்தது. அந்த மாதங்களில் அவர் இனுயிட் மக்களோடு பழகினார், வேட்டைக்குப் போனார், அவர்களுடைய படகு ஓட்டப் பழகினார். பிறகு அவர்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். அந்தக் காலத்து ஐரோப்பியர் கனபேர் அந்த மக்களைக் காட்டுவாசிகள் எண்டு தள்ளிவைத்தபோது, இவர் அவர்களிடம் பாடம் கேட்டார்.

1893இல் ‘ஃபிராம்’ எண்ட கப்பலில் வடதுருவப் பக்கம் புறப்பட்டார். கொலின் ஆச்சர் எண்டவர் வடிவமைத்த கப்பல். அதன் வயிறு உருண்டையாக இருக்கும். பனி இரண்டு பக்கத்தாலும் நெருக்கினால் நசிந்துபோகாமல் மேலே வழுக்கி எழும்பும். ஆக்கள் இருக்கும் அறைகளின் சுவரில் கம்பளி, தக்கை, பனிமான் மயிர், பலகை எண்டு அடுக்கடுக்காக வைத்திருந்தார்கள். பனி நெருக்கியது, கப்பல் எழும்பியது, உள்ளே இருந்தவர்கள் சுகமாக இருந்தார்கள்.

1895 பங்குனியில் நான்சனும் யல்மார் யொஹான்சன் எண்ட தோழரும் கப்பலை விட்டிறங்கி, நாய்வண்டிகளோடு துருவத்தை நோக்கி நடந்தார்கள். துருவம் வரை போகமுடியவில்லை. திரும்பி வருகிற வழியில், பிரான்ஸ் யோசப் நிலம் எண்ட தீவுக்கூட்டத்தில் மாரி பிடித்துவிட்டது. இரண்டு பேர். வீடு இல்லை. கட்டுவதற்கு மரமும் இல்லை.

என்ன செய்தார்கள் எண்டால், நிலத்தைத் தோண்டினார்கள். வோல்ரஸ் எண்டு தந்தம் நீண்ட ஒரு கடல்விலங்கு இருக்கு, எங்கட மன்னார்க் கடலின் கடற்பன்றியைவிடப் பெரிசு. அதன் தோள் எலும்பு மண்வெட்டி ஆனது, தந்தம் குத்தூசி ஆனது. இடுப்பளவு பள்ளம் தோண்டி, சுற்றிவரக் கல் அடுக்கி, கல்லுக்கு இடையில் பாசியும் மண்ணும் அடைத்தார்கள். கடலில் மிதந்து வந்து ஒதுங்கின ஒரு மரக்குத்தியை முகட்டுவளை ஆக்கி, வோல்ரஸ் தோலைக் கூரையாகப் போட்டார்கள். புகைபோக்கி பனியால் செய்தது. உள்ளே மூன்று மீற்றர் நீளம், இரண்டு மீற்றருக்கும் குறைந்த அகலம். கொழுப்பு விளக்கு எரித்து, கரடி இறைச்சி சாப்பிட்டு, ஒன்பது மாதத்துக்குக் கிட்ட அதுக்குள் கிடந்தார்கள். 1896 வைகாசியில் வெளியே வந்தபோது இரண்டு பேரும் மெலியவில்லை, நிறை கூடித்தான் இருந்தார்கள்.

ஆறு வருசம் கழித்து, ஒரு முழு நாட்டுக் குழு கப்பல் நிறையச் சாமானோடு போய் விறாந்தை வீட்டைப் பூட்டினது. அதில் ஆக்கள் படுக்கமுடியவில்லை. எலும்பாலே தோண்டின குழியில் இரண்டு பேர் உயிரோடு இருந்தார்கள்.

நிண்ட காத்து, ஓடுகிற காத்து

ஏன் அப்படி? விளக்கம் பெரிய விஞ்ஞானம் இல்லை. சூட்டை மறிப்பது கல்லும் இல்லை, மரமும் இல்லை. அசையாமல் நிற்கிற காத்துத்தான். கம்பளிச் சட்டை சூடாக இருப்பது நூலுக்கு நடுவில் காத்து அகப்பட்டு நிற்பதால். பாசியும் பனிமான் மயிரும் அதே வேலையைத்தான் செய்கின்றன.

இனுயிட் மக்களின் பனிவீடும் அதுதான். காற்று அடித்து இறுக்கின பனியைக் கத்தியால் கட்டிகளாக வெட்டி, சுருளாக மேலே அடுக்கிக்கொண்டு போவார்கள். பனிக்கட்டி எண்டால் குளிர் எண்டுதான் நாங்கள் நினைப்போம். ஆனால் இறுகின பனிக்குள் கோடிக்கணக்கான சின்னக் காத்துக்குமிழ்கள் இருக்கின்றன. வாசல் பதிவாக இருக்கும், படுக்கும் திண்ணை உயரமாக இருக்கும். கனத்த குளிர்காத்து வாசல் பக்கம் கீழே தேங்கி நிற்க, ஆக்களின் சூடும் கொழுப்பு விளக்கின் சூடும் மேலே திண்ணைப் பக்கம் நிற்கும். உச்சியில் ஒரு சின்ன ஓட்டை. அந்த ஓட்டை இல்லாவிட்டால் விளக்குப்புகையும் மூச்சுக்காத்தும் ஆளையே கொண்டுபோய்விடும். குளிருக்குப் பயந்து எல்லாத்தையும் இறுக்கி அடைத்துவிட்டு உள்ளே நெருப்பு வைத்துச் செத்தவர்கள் பனிநாடுகளில் கனபேர். குளிர்வீட்டின் முதல் பாடம் அடைப்பது எண்டால், இரண்டாம் பாடம் எங்கே திறப்பது எண்டது.

ஸ்கொட்டும் பாடம் படித்தார். 1911இல் திரும்பவும் போனபோது அவர் கேப் எவன்சில் கட்டின வீட்டில் விறாந்தை இல்லை. இரட்டைப் பலகைச் சுவருக்கு நடுவில், சணல் துணியில் வைத்துத் தைத்த காய்ந்த கடற்தாவரம். 25 பேர் அந்த வீட்டில் மாரியைக் கழித்தார்கள், குளிர் பெரிய பிரச்சினையாக இருக்கவில்லை.

சணலுக்குள் காய்ந்த கடற்தாவரம் எண்டு வாசித்தபோது எனக்கு நினைவுக்கு வந்தது கிடுகு. ஒரு கிடுகுக் கூரையை விளிம்பில் பிடித்துப் பாருங்கோ. ஓலைக்கு மேல் ஓலை, பின்னலுக்கு மேல் பின்னல், நடுவில் முழுக்கக் காத்து. வெயில் மேல் ஓலையில் விழுந்து சுடும், கீழ் ஓலைக்கு அந்தச் சூடு வந்து சேராது. பனிநாட்டுச் சுவர் செய்கிற அதே வேலையைக் கிடுகு தலைகீழாகச் செய்கிறது. அதோடு நிற்காமல், உள்ளே ஏறின சூட்டை இடுக்குகளால் வெளியே விடவும் செய்யும். குளிருக்குக் காத்து நிற்கவேண்டும், வெயிலுக்குக் காத்து ஓடவேண்டும். கிடுகில் இரண்டும் இருக்கு.

நோர்வேயின் வடக்கு முனையில் பின்மார்க் எண்ட மாகாணம் இருக்கிறது. 1980களில் இருந்து எங்கட ஆக்கள் அங்கத்தைய மீன் பதனிடும் ஆலைகளுக்கு வேலைக்குப் போனார்கள். அப்படிப் போய்ச் சேர்ந்த சொந்தக்காரர் ஒருவரோடு வீடியோவில் கதைக்கும்போது “அங்க குளிர் எப்பிடி?” எண்டு கேட்டால், பெனியனோட இருந்துகொண்டு சிரிப்பார். வெளியில் மைனஸ் 15, வீட்டுக்குள் 22. நாங்கள் இங்க சித்திரை மாதத்தில் தகரத்துக்குக் கீழ் இருந்துகொண்டு அவருக்காகக் கவலைப்படுவோம்.

தாண்டுபோன நிலையங்கள்

பனி குளிரை மட்டும் கொண்டுவருவதில்லை, வீட்டையே விழுங்கும். இந்தியா 1981-82இல் எஸ். இசட். காசிம் தலைமையில் தன் முதல் குழுவை அந்தாட்டிக்காவுக்கு அனுப்பியது. 1983-84இல் ஹர்ஷ் குப்தா தலைமையில் போன மூன்றாவது குழு ‘தட்சிண கங்கோத்ரி’ எண்ட நிலையத்தைக் கட்டியது. கட்டின இடம் கடலில் மிதக்கிற பெரிய பனித்தட்டு. காத்தில் வருகிற பனி கட்டிடத்தில் தடுத்து நிண்டு குவிந்தது. சில வருசத்தில் நிலையம் பனிக்குக் கீழே போய்விட்டது, 1990 அளவில் அதைக் கைவிட்டார்கள்.

அதுக்குள் இரண்டாவது நிலையம் தயாராகி இருந்தது. ‘மைத்ரி’யைப் பனியில் கட்டவில்லை, பாறைநிலத்தில் கட்டினார்கள். கால்களில் தூக்கி நிறுத்தினதால் பனியும் காத்தும் கீழால் போகும். மூன்றாவது நிலையமான ‘பாரதி’ 2012இல் வந்தது. 134 கப்பல் கொள்கலன்களை அடுக்கி, சுற்றிவர வெப்பம் தாங்கும் தோல் போட்ட மாதிரிக் கட்டினது. சாமான் கொண்டுவந்த பெட்டியே அறை ஆகிவிட்டது.

பிரித்தானியர்களின் ‘ஹாலி’ நிலையம் இன்னும் நல்ல கதை. முதல் ஹாலி 1956இல். ஒண்டு, இரண்டு, மூண்டு, நாலு எண்டு நாலு நிலையங்கள் பனிக்குள் தாண்டன. ஐந்தாவதைக் கால்களில் தூக்கினார்கள். ஆறாவதுக்குக் காலோடு சேர்த்துச் சறுக்குத் தட்டும் பூட்டினார்கள். அதனால் பனித்தட்டில் வெடிப்பு வந்தபோது, 2017 தொடக்கத்தில் நிலையத்தையே 23 கிலோமீற்றர் இழுத்துக்கொண்டுபோய் வைக்கமுடிந்தது.

இந்த வரலாற்றைச் சேர்த்துப் பார்த்தால் ஒண்டு விளங்கும். பனிநாட்டு வீட்டைப் பிழையாகக் கட்டினவர்கள் பிழைக்காக வெட்கப்படவில்லை. பிழையை எழுதி வைத்தார்கள். அங்க படுத்தெழும்பின ஆக்களிடம் கேட்டார்கள். அடுத்ததைத் திருத்திக் கட்டினார்கள். ஹாலிக்கு ஆறு தரம் சந்தர்ப்பம் கிடைத்தது.

இடம்பெயர்ந்த சனத்துக்கு எத்தனை தரம் கிடைத்தது? இதைக் கேட்கத்தான் நான்சனிடம் திரும்பிப் போகவேண்டும்.

குழிக்குள் கிடந்தவர் அகதிகளிடம் வந்தார்

1921இல் சர்வதேச சங்கம் ஒரு புதிய பதவியை உருவாக்கியது. அகதிகளுக்கான உயர் ஆணையாளர். ரஷ்யப் புரட்சிக்கும் உள்நாட்டுப் போருக்கும் பிறகு நாடில்லாமல் அலைந்த சனத்தைப் பார்ப்பதற்கான பதவி. அதற்கு நியமிக்கப்பட்டவர் வேறு ஆருமில்லை, எங்கட நான்சன்தான். அடுத்த வருசம் நாடில்லாதவர்களுக்கு ஒரு பயணப் பத்திரம் கொடுக்கும் ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். ‘நான்சன் கடவுச்சீட்டு’ எண்டு பிறகு ஐம்பதுக்கும் மேற்பட்ட நாடுகள் அதை ஏற்றன. 1922இல் சமாதானத்துக்கான நோபல் பரிசு அவருக்குக் கிடைத்தது. 1930இல் இறந்தார்.

இண்டைக்கு எங்கட அம்மம்மாமார் ‘யூ.என்.எச்.சி.ஆர்’ எண்டு ஒரே மூச்சில் சொல்கிற ஐக்கிய நாடுகள் அகதிகள் அமைப்பு 1951இல் வேலையைத் தொடங்கியது. அதன் வேர் நான்சனின் அலுவலகத்தில் இருக்கிறது. அகதிகளுக்கு உழைப்பவர்களுக்கு அந்த அமைப்பு 1954இல் இருந்து கொடுக்கிற விருதுக்கும் நான்சன் பெயர்தான்.

வோல்ரஸ் எலும்பால் தனக்குத் தானே வீடு தோண்டின மனிசனில் இருந்து தொடங்கின வேலை, 1990இல் மடுவுக்கு வந்தது.

மடுவில்

மடுவின் கதையே இடம்பெயர்வில் தொடங்குகிறது. ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துரத்தின காலத்தில், 1670 அளவில், மாந்தையில் இருந்து கொஞ்சக் குடும்பங்கள் மாதா சொரூபத்தைத் தூக்கிக்கொண்டு காட்டுக்குள் ஓடிவந்து மருதமடுவில் தங்கினார்கள் எண்டது வழிவழியாக வரும் வரலாறு. அவர்கள் முதலில் கட்டினது என்ன எண்டு ஒருத்தரும் சொல்லத் தேவையில்லை. தடியும் ஓலையும்தான் காட்டில் இருந்திருக்கும்.

1990 ஆனியில் திரும்பவும் யுத்தம் வெடித்தபோது, சுற்றுவட்டாரச் சனம் கோயில் வளவுக்குள் வந்து குவிந்தது. அகதிகள் அமைப்பு மடுவிலும் மன்னார்த் தீவில் பேசாலையிலும் ‘திறந்த நிவாரண நிலையம்’ எண்டு இரண்டு இடங்களை நடத்தியது. வேலி இல்லை, வரலாம் போகலாம். பல்லாயிரக்கணக்கான சனம் வருசக்கணக்கில் அங்க இருந்தது. அதே வருசம் ஐப்பசியில் விடுதலைப் புலிகள் வடக்கு முஸ்லிம் மக்களை வெளியேற்றினார்கள். மன்னாரில் இருந்து போன முஸ்லிம் குடும்பங்கள் புத்தளத்தில் கிடுகுக் கொட்டில்களில் பத்து வருசம், இருபது வருசம் எண்டு இருந்தார்கள். கடல் ஒண்டு, கிடுகு ஒண்டு, ஆளை ஆள் பார்க்காமல் இரண்டு பக்கமும் முகாம். மடுவைப் பற்றி எழுதுகிறவன் அதையும் சேர்த்து எழுதாவிட்டால் பாதி வரலாறுதான் எழுதினதாகும்.

அம்மம்மா மடுவுக்கு வந்தது அந்த 1990இல்தான். முதல் நாட்கள் மரத்துக்குக் கீழே. பிறகு தடி வெட்டி நட்டு, மேலே தறப்பாள் கட்டினார்களாம். இரண்டாம் நாளே அம்மம்மா போய் ஓலை பொறுக்கிக்கொண்டு வந்து தறப்பாளுக்கு மேலே பரப்பினா.

“தறப்பாள் மழைக்கு. ஓலை வெயிலுக்கு. ஒண்டைப் போட்டிட்டு மற்றதை விட்டா பிள்ளை அவிஞ்சிடும்.”

அவ பள்ளிக்கூடம் ஐந்தாம் வகுப்பு வரைதான். ஆனால் இந்த ஒரு வசனத்துக்குள், ஃபிராம் கப்பலின் சுவரும் ஸ்கொட்டின் கடற்தாவரமும் இருக்கு. நீரை மறிக்க ஒரு தோல், சூட்டை மறிக்க நிண்ட காத்து. கொட்டிலின் சுவரை அவ முகடு வரை அடைக்கவும் இல்லை. ஒரு முழம் விட்டு மறைத்தா, காத்து ஓடுவதற்கு.

கிடுகை நான் பெருமைப்படுத்த வரவில்லை. ஒண்டிரண்டு வருசத்தில் உக்கும். நெருப்புப் பிடித்தால் ஒரு வரிசையே போய்விடும். பாம்பு வரும், ஒழுகும். ஷெல்லை அது மறிக்காது. கோயிலின் கல்லுச் சுவராலேயே மறிக்க ஏலாமல் போனது. 1999 கார்த்திகை 20 இரவு மடுக்கோயிலில் விழுந்த ஷெல்லில் அடைக்கலம் புகுந்திருந்த நாற்பது பேரளவில் செத்தார்கள். 2008 சித்திரையில் மாதாவின் சொரூபமே தேவன்பிட்டிக்கு இடம்பெயர்ந்தது. எந்தக் கூரையும் யுத்தத்துக்குப் பதில் இல்லை. ஆனால் யுத்தத்துக்குப் பிறகும் வருசக்கணக்கில் சனம் ஒரு கூரைக்குக் கீழேதான் இருக்கவேண்டி இருக்கு.

2009இல் செட்டிகுளம் மெனிக் பாமில் இரண்டு இலட்சத்துக்கும் மேற்பட்ட சனம் அடைக்கப்பட்டது. காட்டை வெட்டி வெளியாக்கின நிலத்தில், நிழல் இல்லாமல், வெள்ளைக் கூடாரங்கள் வரிசை வரிசையாக. ஒரு கூடாரத்துக்குள் ஒண்டுக்கு மேற்பட்ட குடும்பங்கள். அந்த ஆவணியில் மழை பெய்தபோது கூடாரங்களுக்குள் வெள்ளம் ஓடியது. கடைசிச் சனம் வெளியே போய் முகாம் மூடினது 2012 புரட்டாதியில். எங்கட வயசுக்காரரில் கனபேர் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகினது கூடாரத்துணி வழியாக வருகிற அந்த வெளிச்சத்தில்தான்.

கூடாரம் எண்டது குறைந்த நேரத்தில், எந்த நாட்டுக்கும், விமானத்தில் ஏற்றி அனுப்பக்கூடிய சாமான். அதுதான் அதன் பலமும் பிழையும். எந்த நாட்டுக்கும் எண்டு செய்ததால் எந்த நாட்டுக்கும் முழுசாகப் பொருந்தாது. வெயில்நாட்டில் அது அவிக்கும், பனிநாட்டில் உறையவைக்கும். 2005 ஐப்பசி 8ஆம் திகதி காஷ்மீரில் பூமி அதிர்ந்து இலட்சக்கணக்கான குடும்பங்கள் வீடு இழந்தபோது இதே கதை மறுபக்கமாக நடந்தது. மாரி வர ஒரு சில வாரம்தான் இருந்தது. உலகம் முழுக்க இருந்து கூடாரம் வந்தது, ஆனால் பெரும்பாலானவை மலைக்குளிர் தாங்காதவை. அப்போதுதான் ‘ஒரு சூடான அறை’ எண்ட யோசனையை முன்னுக்குக் கொண்டுவந்தார்கள். முழு வீடு வேண்டாம், மாரியைத் தாண்ட ஒரே ஒரு அறை. தகரமும் ஆணியும் ஆயுதமும் கொடுத்தார்கள். விழுந்த வீட்டின் கல்லையும் மரத்தையும் எடுத்துச் சனமே கட்டியது. தங்கட மலைக்குளிர் எந்தப் பக்கத்தால் வரும் எண்டு அவர்களுக்குத்தான் தெரியும்.

இப்படியான அனுபவங்களை வைத்து அளவுகளும் வந்திருக்கு. ‘ஸ்பியர்’ எண்ட மனிதாபிமான உதவிக் கையேடு, ஓர் ஆளுக்கு ஆகக் குறைந்தது 3.5 சதுர மீற்றர் இடம் வேண்டும் எண்டு சொல்கிறது. குளிர்நாட்டில் சமையலும் குளிப்பும் உள்ளேயே நடப்பதால் 4.5 முதல் 5.5 வரை. கூரை உயரம் ஆகக் குறைந்தது 2 மீற்றர், வெயில்நாட்டில் 2.6 மீற்றர். அந்த அறுபது சென்ரிமீற்றர் வித்தியாசத்தைப் பாருங்கோ. சூடு ஏறி நிற்க எங்கட தலைக்கு மேல் ஒரு இடம் வேண்டும் எண்டு ஆரோ ஒருத்தர், வெயிலுக்குக் கீழ் இருந்த ஒருத்தரிடம் கேட்டு எழுதியிருக்க வேண்டும்.

65,000 வீடுகள்

இது முடிந்த கதை எண்டு நினைக்காதேங்கோ. 2016 அளவில் வடக்குக் கிழக்குக்கு 65,000 உருக்கு வீடுகள் தருவதாக அரசாங்கம் ஒரு திட்டம் கொண்டுவந்தது. வெளிநாட்டு நிறுவனம் ஒண்டு துண்டு துண்டாகச் செய்து கொண்டுவந்து பூட்டும். ஒரு வீடு ஏறக்குறைய 21 இலட்சம் ரூபா. மாதிரி வீடுகளும் கட்டிக் காட்டினார்கள்.

சனமும் பொறியியலாளர்களும் கேட்ட கேள்விகள் எல்லாம் வீட்டுக்குள் இருக்கப்போகிறவர் கேட்கிற கேள்விகள். உருக்குச் சுவர் எங்கட வெயிலில் என்ன செய்யும்? காத்து எதால வரும்? விறகு அடுப்பை எங்க வைக்கிறது? பிள்ளை கலியாணம் கட்டினால் ஒரு அறையை நீட்டிக் கட்ட ஏலுமா? உக்கினால் எங்கட ஊர் மேசனால் திருத்த ஏலுமா? அந்தக் காசில் இரண்டு கல்வீடு கட்டலாமே? இந்திய உதவியில் வந்த வீட்டுத்திட்டத்தில் சனமே பொறுப்பெடுத்து, மேசனைப் பிடித்து, கல் அரிந்து தங்கட வீட்டைக் கட்டிக் காட்டியிருந்த நேரம் அது. எதிர்ப்புக் கூடினது. உருக்குத் திட்டம் நினைத்தபடி நடக்கவில்லை, பிறகு கல்வீட்டுப் பேச்சுத்தான் முன்னுக்கு வந்தது.

அந்த மாதிரி வீட்டின் படத்தைப் பேப்பரில் பார்த்தது எனக்கு நினைவிருக்கு. பளபளப்பாக, அழகாகத்தான் இருந்தது. றொஸ் தீவில் பூட்டி முடித்த அண்டைக்கு விறாந்தை வீடும் அழகாகத்தான் இருந்திருக்கும்.

கேட்டுக் கட்டினது

ஸ்கொட்டின் ஆக்கள் மோசமான ஆக்கள் இல்லை. நல்ல மரம், நல்ல வேலை, நல்ல நோக்கம். ஆனால் அந்த வீட்டின் அமைப்பு பனிக்குள் படுத்தெழும்ப யோசித்த அமைப்பு இல்லை. நான்சன் படுக்கப் பழகினவர். பழக்கினவர்கள் இனுயிட் மக்கள்.

இப்ப எங்கட பக்கத்தில் வெயில் வருசம் வருசம் கூடிக்கொண்டு போகுது. மாசி முடியமுதலே தகரத்துக்குக் கீழ் மத்தியானம் இருக்க ஏலாது. கிடுகு பின்னத் தெரிந்த கைகள் குறைந்து போச்சு. ஓலை எண்டால் வறுமை எண்டு எங்கட சனமே நினைக்கிறது, அதிலும் நியாயம் இருக்கு, உக்கின கொட்டிலுக்குள் இருந்தவருக்குத்தான் கல்வீட்டின் அருமை தெரியும். அம்மம்மாவே இப்ப கல்வீட்டில்தான் இருக்கிறா. நல்ல வீடு, தகரக் கூரை. போன வருசம் ஆவணித் திருவிழாவுக்கு முதல் ஒருநாள் போனபோது, மாமா ஏணி வைத்துக் கூரையில் ஏறி நிண்டார். கீழே நிண்டு அம்மம்மா ஓலையை ஒவ்வொண்டாக எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தா.

தகரத்துக்கு மேலே ஓலை. பார்க்க ஒரு மாதிரியாக இருக்குது, சனம் சிரிக்கும் எண்டு மாமா முணுமுணுத்தார். அம்மம்மா காதில் விழுத்தவில்லை.

மத்தியானம் சாப்பிட்டுவிட்டு அந்த அறைக்குள் படுத்தேன். பக்கத்து அறைக்கு இன்னும் ஓலை போடவில்லை. இரண்டு அறைக்கும் நடுவாசலில் நிண்டு ஒரு கையை அந்தப் பக்கமும் ஒரு கையை இந்தப் பக்கமும் நீட்டிப் பார்த்தேன். உங்களிட்ட தகரக் கூரை இருந்தால் நீங்களும் ஒருக்கா செய்து பாருங்கோ.